பேக்கேஜ் சுற்றுலா முடிந்த பின் இன்னும் ஆறு இரவு தங்க முடியுமா? திரும்பும் விமானமும் சிக்கனமான தங்குமிடமும்

நதிமூலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் எட்டு இரவு ஐரோப்பியப் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். பாரிஸில் மூன்று இரவு, சுவிட்சர்லாந்தில் இரண்டு, இத்தாலியில் மூன்று என்று பயணத் திட்டம் போகிறது. குழுவோடு பாரிஸில் இறங்கி, குழுவோடே ரோமிலிருந்து விமானம் ஏற வேண்டும். இதில் புளோரன்ஸ் நகருக்கு ஒதுக்கியிருப்பது மூன்றே மணி நேரம். என் மனைவி ஓவிய ஆசிரியை. இருபது ஆண்டுகளாக அச்சுப் படங்களை வைத்துக்கொண்டே மாணவர்களுக்கு அந்த நகரத்து ஓவியங்களைப் பற்றிச் சொல்லிவந்தவர். அவரை அந்த வாசல் வரை அழைத்துச் சென்று, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று திருப்பி அழைத்துவர எனக்கு மனம் இல்லை.

சுற்றுலா முடிந்ததும் குழுவிலிருந்து பிரிந்து இன்னும் ஆறு இரவு தங்கித் திரும்பலாம் என்று எண்ணுகிறோம். விமானச் சீட்டு இன்னும் வழங்கப்படவில்லை, விசாவுக்கும் விண்ணப்பிக்கவில்லை. பேக்கேஜில் சேர்ந்துள்ள திரும்பும் பயணத்தை என்ன செய்வது, புதிய சீட்டு வாங்குவது நல்லதா, அந்த ஆறு இரவுகளைக் குறைந்த செலவில் எங்கே கழிப்பது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பயணச்சீட்டு எழுதியது:

நண்பரே, சீட்டு வழங்கப்படுவதற்கு முன்பே கேட்டீர்களே, அதுவே பாதி வேலை முடிந்தது போல. நான் பல ஆண்டுகள் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் குழுப் பயணச் சீட்டுகளைக் கவனித்தவன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் சீட்டு கைக்கு வந்த பிறகே வருவார்கள் என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன்.

பேக்கேஜில் நீங்கள் பயணிப்பது குழுக் கட்டணத்தில். நிறுவனம் ஒரே முன்பதிவின் கீழ் இத்தனை இருக்கைகள் என்று விமான நிறுவனத்திடம் பேசி வாங்கி, பெயர்ப் பட்டியலைப் பின்னர் கொடுக்கிறது. தனியாக வாங்கிய சீட்டில் தேதி மாற்றுவது போல இதில் மாற்ற முடியாது. ஆனாலும் ஒரு வழி உண்டு. குழுவோடு சென்று, அதே ஊரிலிருந்து அதே விமான நிறுவனத்தில் வேறு தேதியில் திரும்புவதை இத்தொழிலில் டீவியேஷன் என்பார்கள். உங்கள் முன்பதிவைக் குழுவிலிருந்து பிரித்து, நீங்கள் கேட்கும் தேதியில் உரிய வகுப்பில் இருக்கை இருந்தால் அதில் போடுவார்கள். இதற்கு ஒரு கட்டணம் உண்டு, இருக்கை கிடைக்கும் வகுப்பைப் பொறுத்துக் கட்டண வேறுபாடும் வரலாம். குழுவில் எத்தனை பேர் இப்படிப் பிரியலாம் என்பதற்கு விமான நிறுவனங்கள் வரம்பும் வைத்திருப்பதால், முதலில் கேட்டவருக்கே கிடைக்கும். சீட்டு வழங்கப்பட்ட பின் இந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். ஆகவே நாளைக்கே நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் கேளுங்கள். தேதி ஒன்றோடு நிற்காமல் முன்னும் பின்னும் இரண்டு மாற்றுத் தேதிகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டாவது வழி, விமானப் பயணம் நீங்கலாகப் பேக்கேஜை வாங்குவது. லேண்ட் ஒன்லி விலை என்ன என்று கேட்டால் சொல்வார்கள். அப்போது பாரிஸுக்குப் போய், ரோமிலிருந்தோ வேறு நகரத்திலிருந்தோ திரும்பும்படி ஒரே சீட்டாக நீங்களே வாங்கிக்கொள்ளலாம். சேருமிடம் ஒன்றாகவும் புறப்படுமிடம் வேறாகவும் உள்ள இவ்வகைச் சீட்டு, இரண்டு ஒருவழிச் சீட்டுகளை விடப் பல வேளைகளில் மலிவாக இருக்கும். ஆனால் உங்கள் விமானம் தாமதமானால் குழு உங்களுக்காகக் காத்திருக்காது. அந்தப் பொறுப்பு முழுவதும் உங்களுடையதாகிவிடும்.

நெடுவழி எழுதியது:

இவ்வளவு சிக்கல் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு குழுவோடு போனபோது, திரும்பும் சீட்டை அப்படியே விட்டுவிட்டு, ஒரு குறைந்த கட்டண விமானத்தில் தனியாக ஒருவழிச் சீட்டு வாங்கித் திரும்பினேன். டீவியேஷனுக்குக் கேட்ட தொகையை விட அது குறைவாகவே இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பயன்படுத்தாமல் விட்ட இருக்கையால் யாருக்கு என்ன இழப்பு?

பயணச்சீட்டு எழுதியது:

நெடுவழி அவர்கள் சொல்வது அவர் அளவில் உண்மைதான், மறுக்கவில்லை. ஒரு சீட்டின் கடைசிப் பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டால், அதற்குப் பின் ரத்தாவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறொருவர், அப்படியானால் முதல் பகுதியையும் விடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. போகும் பயணத்துக்கு வராமல் இருந்தால் நோ ஷோ என்று பதிவாகி, திரும்பும் பயணம் உட்பட மீதி முழுவதும் ரத்தாகிவிடும். சில நாட்கள் முன்னதாகவே போய்ச் சுற்றுலாவில் சேர விரும்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சீட்டைக் கைவிடுவதென்றால் சுற்றுலா நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். குழுவில் இருவர் விமான நிலையத்தில் இல்லையென்றால் டூர் மேனேஜர் தேடிக்கொண்டு நிற்பார். விசா வாங்கிக் கொடுத்த நிறுவனத்துக்கு, தன் பயணி திரும்பவில்லை என்பது தூதரகத்தின் முன் சாதாரணச் செய்தி இல்லை. மேலும், குறைந்த கட்டண விமானங்கள் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை வைப்பதால் நெடுவழிக்கு அது கட்டுப்படியானது. முழுச் சேவை விமான நிறுவனங்களில் நெடுந்தொலைவு ஒருவழிச் சீட்டு, இருவழிச் சீட்டின் பாதி விலையில் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. சில வேளைகளில் இருவழிச் சீட்டை விடவும் அதிகமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

குறைந்த கட்டண விமானத்தைப் பார்க்கும்போது பெட்டியின் எடைக்கும் நகரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் செலவுக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பாரிஸ் என்று பெயர் சொல்லி விற்கப்படும் பொவே விமான நிலையம் அந்நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பிராங்க்ஃபர்ட் பெயரில் விற்கப்படும் ஹான் விமான நிலையம் பிராங்க்ஃபர்ட் நகரிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இரண்டு தனித்தனிச் சீட்டுகளை நடுவில் ஒரு நகரத்தில் இணைத்துக்கொண்டு வருவதென்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும் நிலையில் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தக் கடமையும் இல்லை. நடுவில் ஓர் இரவு விடத் துணிவில்லாவிட்டால் அவ்வழியைத் தொடாதீர்கள்.

தென்றல்வீதி எழுதியது:

எல்லோரும் சீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு இடறியது விசாவில். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நானும் என் தங்கையும் இதே போன்ற ஒரு குழுவில் போனோம். போய்ச் சேர்ந்த பிறகு, நான்கு நாள் கூடுதலாகத் தங்கலாம் என்று ஆசைப்பட்டோம். விசா ஒட்டியில் இருந்த கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. அதைப் பார்த்து நிம்மதியாக அறையும் பதிவு செய்தோம். தற்செயலாக அந்த ஒட்டியை மீண்டும் படித்தபோதுதான் ஒரு சிறு கட்டத்தில் நாட்களின் எண்ணிக்கை தனியாக அச்சிடப்பட்டிருப்பதைக் கவனித்தோம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் செல்லுபடியாகும் காலம் வேறு, தங்க அனுமதிக்கப்படும் நாட்கள் வேறு. பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று செல்லுபடிக் காலத்தில் பொதுவாக 15 நாட்கள் கூட்டிக் கொடுக்கிறார்கள். தங்கும் நாட்களையோ பயணத் திட்டத்தில் காட்டியபடிதான் கொடுப்பார்கள். எங்களுடையதில் திட்டத்துக்குச் சரியான நாட்களே இருந்தன. அறைக்குக் கட்டிய பணத்தை விட்டுவிட்டுக் குழுவோடு திரும்பினோம். வருத்தம்தான், ஆனால் கூடுதலாகத் தங்கிவிட்டு எல்லையில் பதில் சொல்லும் நிலை வரவில்லை. 2025 அக்டோபர் 12 முதல் நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதிவு செய்யும் முறையை அங்கே படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு நாள் கூடினாலும் இனி பதிவேட்டில் தெரிந்துவிடும்.

அங்கே போய் நீட்டித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தவிர்க்க முடியாத இடர், மனிதாபிமானக் காரணம், கடுமையான சொந்தக் காரணம் ஆகியவற்றுக்கே அந்த நீட்டிப்பு; அருங்காட்சியகம் பார்ப்பது அவற்றில் வராது.

நதிமூலம் அவர்களே, உங்கள் கணக்கில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பேக்கேஜின்படி பிரான்சுக்கும் இத்தாலிக்கும் மூன்று மூன்று இரவு என்பதால், நிறுவனம் குழு முழுவதுக்கும் பிரான்சிடம் விண்ணப்பிக்க எண்ணியிருக்கக்கூடும். நீங்கள் ஆறு இரவைக் கூட்டினால் இத்தாலிக்கு ஒன்பது இரவு ஆகிறது. உங்கள் விண்ணப்பம் இத்தாலியிடம் போக வேண்டும். இதை நிறுவனம் தானாகக் கவனிக்கும் என்று விட்டுவிடாதீர்கள். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும் என்பதால் உங்களுக்கு வேண்டியவை 15 நாட்கள்.

நதிமூலம் எழுதியது:

தென்றல்வீதி அம்மா அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்று காலை நிறுவனத்தைக் கேட்டேன். நீங்கள் சொன்னது போலவே எங்கள் பெயரும் பிரான்சுக்கான பட்டியலில்தான் இருந்தது. கூடுதல் நாட்களைச் சொன்னதும், எங்கள் இருவருடைய விண்ணப்பத்தையும் தனியே பிரித்து இத்தாலியிடம் கொடுப்பதாகவும், அந்த ஆறு இரவுகளுக்கான தங்குமிடப் பதிவை நாங்களே தர வேண்டும் என்றும் சொன்னார்கள். டீவியேஷனுக்கும் விண்ணப்பித்துவிட்டேன். லேண்ட் ஒன்லி விலையையும் கேட்டுப் பார்த்தேன்; அவர்கள் கழித்துத் தருவதாகச் சொன்ன தொகைக்குள் நாங்களே தனியாகச் சீட்டு வாங்க முடியாது என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டோம்.

இனி தங்குமிடம். எங்களுக்கு ஆடம்பரம் வேண்டாம். தூய்மையான படுக்கை, சொந்தக் குளியலறை, நடந்து போகும் தொலைவில் நகரம், இவ்வளவு போதும்.

கல்மண்டபம் எழுதியது:

இத்தாலிக்கு நான் ஐந்து முறை போயிருக்கிறேன். ஒருமுறை கூட நட்சத்திர விடுதியில் தங்கியதில்லை. நீங்கள் கேட்பதற்கு மிகப் பொருத்தமாக எனக்குத் தோன்றுவது துறவியர் மடங்கள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள்தான். காசா பெர் ஃபெரியே என்ற பெயரில் அவற்றைத் தேடலாம். பழைய கட்டடம், உயரமான கூரை, எளிய மேசை, வெள்ளை விரிப்பு, பல இடங்களில் உள்ளே ஒரு முற்றம் என்று இருக்கும். நகரத்தின் நடுவிலேயே, அதே தெருவிலுள்ள விடுதியை விடக் குறைந்த வாடகையில் கிடைக்கும். எந்தச் சமயத்தவரையும் பொதுவாக ஏற்கிறார்கள். ஆனால் இரவு பதினொரு மணி போல வாசலைச் சாத்திவிடும் இல்லங்கள் பல உண்டு. தனித்தனிக் கட்டில் உள்ள அறைகளே அதிகம். சில இல்லங்களுக்கு மின்னஞ்சல் எழுதித்தான் பதிவு செய்ய முடியும் என்பதால், விசா விண்ணப்பத்துக்கு உறுதிக் கடிதம் வேண்டும் என்பதையும் அதிலேயே கேட்டு வாங்குங்கள்.

ஹாஸ்டல் என்றால் இளைஞர்கள் பத்துப் பேர் ஒரே அறையில் என்று பலர் தயங்குகிறார்கள். ரிச்சர்டு ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், நடைப்பயணம் போகும் மாணவர்களுக்காகத் தொடங்கிய முயற்சி அது. 1912 இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிலையான இளைஞர் விடுதி உருவாயிற்று. இன்று அதே வகை விடுதிகளில் குளியலறையோடு கூடிய இருவர் அறைகளும் கிடைக்கின்றன, வயதானவர்களும் தங்குகிறார்கள். கோடை விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளும் பயணிகளுக்கு அறை தருவதுண்டு.

தனியார் வீடுகளை வாடகைக்கு எடுப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஜனவரி 1 முதல் இத்தாலியில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் வீடுகளுக்குத் தேசிய அடையாளக் குறியீடு கட்டாயம். இணைய விளம்பரத்திலும் அது இருக்க வேண்டும். அந்தக் குறியீடு இல்லாத மலிவான வீட்டைத் தொடவே தொடாதீர்கள். வாடகைக்கு மேல் ஒரு நபருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி உண்டு. பெரும்பாலும் அங்கே போன பிறகு தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம்.

என் அனுபவத்தில் ஒரே ஊரில், ஒரே அறையில் தங்குவதுதான் எல்லாவற்றையும் விடச் சிக்கனம். பேக்கேஜில் எட்டு இரவும் பெட்டியைக் கட்டிக்கொண்டே இருந்திருப்பீர்கள். மீதி ஆறு இரவிலும் வெனிஸ், மிலான் என்று கிளம்பினால் ரயிலுக்கும் களைப்புக்குமே பணம் போகும். புளோரன்ஸில் ஐந்து இரவு, விமானத்துக்கு முந்தைய இரவு ரோமில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள உஃபிஸி, அகாடெமியா என்ற இரண்டு கலைக் காட்சியகங்களும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால், உங்கள் ஐந்து இரவுக்குள் அந்தக் கிழமை எங்கே விழுகிறது என்று பார்த்து மற்றவற்றை அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியை அவசரப்படுத்தாமல், ஒரே காட்சியகத்துக்கு இரண்டு வெவ்வேறு நாள் போகும்படி விடுங்கள் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

நெடுவழி எழுதியது:

விசா பற்றிய செய்தியைப் படித்த பிறகு என் முந்தைய அறிவுரையை அவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்கக் கூடாது என்று உணர்கிறேன். நான் போனது விசா தேவைப்படாத நாட்டுக்கு. அந்த வேறுபாட்டை நான் எழுதவில்லை.

அதற்கு ஈடாக ஒரு பயனுள்ள செய்தி. குழுவிலிருந்து பிரியும் நாள்தான் இதில் மிகக் கடினமான நாள். பேக்கேஜ் விடுதிகள் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும். காலையில் குழுவின் பேருந்து விமான நிலையத்துக்குப் போன பின், இருவரும் நான்கு பெட்டிகளோடு அங்கே நின்றால், நகருக்குள் போக வாடகைக் கார் தவிர வழி இருக்காது. அப்படி நின்றவன் நான். அதனால் குழுவோடு அதே பேருந்தில் ஏறி விமான நிலையத்துக்கே போய்விடுங்கள். ரோமின் ஃபியூமிசினோவிலிருந்து டெர்மினி ரயில் நிலையத்துக்கு நேரடி ரயில் உண்டு, 32 நிமிடத்தில் போய்விடும். டெர்மினியிலிருந்து புளோரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். முன்கூட்டி வாங்கினால் அதிவேக ரயிலில் நல்ல தள்ளுபடி கிடைக்கும். ஆனால் மலிவான சீட்டில் குறிப்பிட்ட ரயிலைத் தவறவிட்டால் பணம் போய்விடும் என்பதால், பேருந்து நேரத்துக்குப் பின் தாராளமாக இடைவெளி விட்டு வாங்குங்கள். ஊர்தோறும் நிற்கும் வட்டார ரயில் எப்போது வாங்கினாலும் ஒரே விலை. நேரம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

பயணச்சீட்டு எழுதியது:

பிரியும் நாள் பற்றி நெடுவழி சொன்னதை ஒட்டி இன்னொன்று. அந்த நாளோடு உங்கள் பேக்கேஜின் பாதுகாப்பும் முடிகிறது. நிறுவனம் கொடுக்கும் குழுக் காப்பீடு சுற்றுலாத் தேதிகளுக்கு மட்டுமே இருக்கும். ஷெங்கன் விசாவுக்குத் தங்கும் காலம் முழுவதற்கும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும் என்பதால், 15 நாட்களுக்கும் ஒரே பாலிசியாக இப்போதே எடுத்துவிடுங்கள். பயணத்தின் நடுவில் நீட்டிக்கக் கேட்டால், அதற்குள் உடல்நலக் குறைவு ஏதும் வந்திருந்தால் மறுக்கும் நிறுவனங்கள் உண்டு.

பேக்கேஜாக வாங்கியதற்கும் நாமே துண்டு துண்டாக வாங்கியதற்கும் உள்ள வேறுபாடு சாதாரண நாளில் தெரியாது. 2019 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனின் தாமஸ் குக் சுற்றுலா நிறுவனம் வீழ்ந்தபோது, வெளிநாடுகளில் இருந்த அதன் பயணிகள் ஏறத்தாழ 1,40,000 பேரைப் பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் விமானம் அமர்த்தித் திருப்பி அழைத்து வந்தது. தனியாகப் பதிவு செய்த அறையும் தனியாக வாங்கிய சீட்டும் அத்தகைய ஏற்பாடுகளுக்குள் வருவதில்லை. அதனால்தான், கட்டணம் சற்றுக் கூடினாலும், திரும்பும் பயணத்தை அந்தச் சுற்றுலா நிறுவனத்தின் சீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ரோமிலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி அதற்குப் பொருந்தும். தாமதமோ ரத்தோ ஆனால், காத்திருக்கும் நேரத்துக்கு உணவும் தேவைப்பட்டால் தங்கும் இடமும் தருவது அவர்கள் கடமை. இதை நினைவில் வைத்துக்கொண்டு முகப்பில் கேளுங்கள்.

நதிமூலம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் கேட்ட தேதியில் இருக்கை இல்லை. மாற்றாகக் கொடுத்திருந்த மறுநாள் தேதியில் டீவியேஷன் கிடைத்தது. ஆறு இரவு ஏழாயிற்று. அதனால் விசாவுக்கு 16 நாட்கள் என்று திருத்தி, காப்பீட்டையும் அதே தேதிக்கு எடுத்து, அதன் பிறகே விண்ணப்பத்தைக் கொடுத்தோம். கடவுச்சீட்டு நேற்று வந்தது. தென்றல்வீதி அம்மா சொன்ன சிறு கட்டத்தைத்தான் முதலில் பார்த்தேன். செல்லுபடிக் காலத்துக்கு அருகில் 16 என்று அச்சிட்டிருந்தது.

புளோரன்ஸில் ஆற்றுக்குத் தெற்கே ஒரு மடத்து இல்லத்தில் ஆறு இரவுக்கு அறை உறுதியாகிவிட்டது. அங்கே இரவு பதினொன்றரைக்கு வாசலைச் சாத்துவார்களாம். கடைசி இரவுக்கு மட்டும் டெர்மினிக்கு நடக்கும் தொலைவில் ஓர் எளிய விடுதியில், ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுத்திருக்கிறோம். பிரியும் நாளில் பேருந்திலேயே விமான நிலையம் வரை வருவதாக டூர் மேனேஜரிடம் எழுதி ஒப்புதல் வாங்கிவிட்டேன். என் மனைவி உஃபிஸிக்கு இரண்டு நாள் குறித்து வைத்திருக்கிறார். மூன்றாவதாக ஒரு நாளைத் தேடிக்கொண்டிருக்கிறார். வட்டார ரயிலில் போனால் மிச்சமாகும் பணம் அந்த மூன்றாவது நுழைவுச்சீட்டுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதால், திரும்பி ரோமுக்கு வரும்போது நான்கு மணி நேரம் ரயிலில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறேன்.